கல்குட்டையில் காத்திருந்த கண்கள்

கௌதாரி செங்காலி காட்டுக்குத் திரும்பி வந்தபோது அவளிடம் குரல் இல்லை.

அலகைத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. வழக்கமாகப் பொழுது விடிவதற்குள் காட்டையே எழுப்பிவிடுகிறவள் அவள்!

"என்ன ஆச்சு, செங்காலி? யாராவது அடித்தார்களா?" என்று பதறினான் அவளுடைய தோழன், கீரி சுருளி.

இல்லை என்று தலையசைத்தாள். பிறகு தன் இறக்கையை விரித்துக் காட்டினாள். இறக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கும் மூன்று நத்தை ஓடுகளும் காலியாக இருந்தன.

சுருளி ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்த்தான்.

அந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் பூதச் சண்டை ஆடும். ஒவ்வொரு விலங்கும் மூன்று பூதக்குட்டிகளை வளர்க்கும். நெருப்புப் பூதம் ஒன்று, கொடிப் பூதம் ஒன்று, நீர்ப் பூதம் ஒன்று. அவை நத்தை ஓட்டுக்குள் சுருண்டு தூங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புகைபோல வெளியே வந்து கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து நிற்கும். நெருப்பு கொடியை எரிக்கும். கொடி நீரைக் குடிக்கும். நீர் நெருப்பை அணைக்கும். ஒரே வகைப் பூதங்கள் இரண்டு கட்டிப்பிடித்துக்கொண்டால் இரண்டுமே விழும்.

சண்டையில் ஒரு நேரத்தில் ஒரு பூதம்தான் இறங்கலாம். எதிரும் புதிருமாக உட்காரும் இருவரும் ஒரே சமயத்தில் ஓட்டுக்குள் கட்டளையைக் கிசுகிசுக்க வேண்டும். 'அடி' என்றோ 'கட்டிப்பிடி' என்றோ சொல்லலாம். அல்லது 'திரும்பு' என்று சொல்லி வேறொரு பூதத்தை இறக்கலாம். எதிரி என்ன சொன்னார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரியும். விழுந்த பூதம் ஓட்டுக்குள் போய்த் தூங்கும். மறுநாள் நன்றாக எழுந்துவிடும். அதனால் தோற்றவரும் ஜெயித்தவரும் ஒன்றாகவே பழம் தின்னப் போவார்கள்.

ஓடு காலியானதைச் சுருளி இதுவரை பார்த்ததே இல்லை.

"எங்கே போயிருந்தாய்?" என்று சுருளி கேட்டான்.

செங்காலி வடக்குப் பக்கம் அலகைத் திருப்பினாள். அங்கே மனிதர்கள் எப்போதோ பாறையை வெட்டி எடுத்துவிட்டு, விட்டுப்போன பள்ளம் இருந்தது. மழைத் தண்ணீர் நிரம்பிக் கறுத்துக் கிடக்கும். கல்குட்டை என்று பெயர். அங்கே தோல்வியே தெரியாத ஒருவர் சண்டைக்குக் காத்திருப்பதாகக் காட்டில் பேச்சு உண்டு.

"நான் வருகிறேன். உன் குரலை வாங்கிக் கொண்டு வருவோம்!" என்றான் சுருளி.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காட்டில் அவனை ஜெயித்தவர் இல்லை. அவனுடைய நெருப்புப் பூதத்தின் பெயர் கங்கு. அடுப்பில் அணையாத தணல் போலச் சிவந்திருப்பான். சுருளி குட்டியாக இருந்தபோது பனியில் நடுங்கிச் சாகக் கிடந்தான். அன்று அவன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துச் சூடு கொடுத்தவன் கங்குதான். சண்டையில் கங்குவுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் சுருளியால் தாங்க முடியாது.

இருவரும் வடக்கே நடந்தார்கள். போகப் போகப் பூச்சிகளின் சத்தம் குறைந்தது. கல்குட்டைக்குப் பக்கத்தில் வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது.

தண்ணீர்மேல் பனிமூட்டம். மாலை வெயில் அதற்குள் நுழையவில்லை. அக்கரையில் ஒரு கல். அந்தக் கல்லின்மேல் இரண்டு கண்கள். வட்டமான, மஞ்சள் நிறமான, இமைக்காத கண்கள்.

"சண்டைக்கு வந்தாயா?" என்றது அக்கரை.

சுருளி துள்ளி விழுந்தான். அது செங்காலியின் குரல்!

"பயப்படாதே. உட்கார்" என்றது அக்கரை மறுபடியும். இப்போது அது ஒரு முயலின் குரல்.

"இங்கே விழும் பூதம் எழுந்து வராது. தண்ணீருக்குள் போய்விடும்." இது ஒரு கிழ மானின் குரல். "மூன்றும் விழுந்தால் உன் குரலும் எனக்கு."

"நான் ஜெயித்தால்?" என்று கேட்டான் சுருளி.

"பிடித்த குரல்களை எல்லாம் விட்டுவிடுவேன்" என்றது செங்காலியின் குரல்.

பக்கத்தில் நின்ற செங்காலி தன் குரலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு கட்டையன் என்ற நரி வந்தான். "தள்ளு தம்பி! நான் முதலில் ஆடுகிறேன். தோல்வியே தெரியாதவராம்! இன்றைக்குத் தெரிந்துகொள்ளட்டும்!" என்றான்.

"அண்ணே, கொஞ்சம் யோசித்து..."

"யோசிக்க என்ன இருக்கிறது? பலமாக அடித்தால் விழப்போகிறது!"

கட்டையன் நீர்ப் பூதத்தை இறக்கினான். அக்கரையிலிருந்து ஒரு நெருப்புப் பூதம் வந்தது. அதற்கு முகம் இல்லை. நிழல் மட்டும் எரிவதுபோல் இருந்தது. "அடி!" என்று கட்டையன் கத்தியே விட்டான். ஆனால் அவன் பூதம் பாய்ந்தபோது எதிரே நெருப்பு இல்லை. கொடி நிழல் நின்றது. அது நீர்ப் பூதத்தை உறிஞ்சிக் குடித்தது.

"அதிர்ஷ்டம்! வெறும் அதிர்ஷ்டம்!" என்று குதித்தான் கட்டையன்.

கொடியை எரிக்க நெருப்பை இறக்கினான். அது பாய்ந்தபோது அங்கே நீர் நிழல் நின்றது. "இதுவும் அதிர்ஷ்டம்தான்!" என்றான். மூன்றாவதும் போனது. "நான் மட்டும் அந்த முதல் அடியை..." என்று தொடங்கினான். பாதியில் குரல் அறுந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"நான் மட்டும் அந்த முதல் அடியை..." என்று அக்கரையிலிருந்து கட்டையனின் குரல் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தது. அதைக் கேட்டதும் கட்டையன் காட்டைப் பார்த்து ஓடிவிட்டான்.

சுருளிக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. செங்காலியைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

"கங்கு! வா!"

கங்கு இறங்கினான். எதிரே கொடி நிழல் ஆடியது. நெருப்புக்கு முன்னால் கொடி! சுருளி யோசிக்கவே இல்லை. 'அடி' என்று கிசுகிசுத்தான். கங்கு பாய்ந்தான். அதற்குள் நீர் நிழல் வந்து நின்றது. சூடு பட்டுத் தண்ணீர் சீறியது. ஆவி மட்டும்தான் எழுந்தது. கங்கு நூலிழையில் பின்னால் துள்ளித் தப்பினான்.

கங்குவுக்கு எதிரே நீர்! 'திரும்பு!' என்று கங்குவை அழைத்துக்கொண்டு தும்பை என்ற தன் கொடிப் பூதத்தை இறக்கினான். அதே நொடியில் அக்கரையில் நீர் போய் நெருப்பு வந்திருந்தது.

'திரும்பு!' தும்பையை எடுத்துவிட்டு மடுவன் என்ற நீர்ப் பூதத்தை இறக்கினான். எதிரே நெருப்பு இல்லை. கொடி நின்றது.

"இன்னும் எத்தனை நேரம் ஓடுவாய்?" என்று செங்காலியின் குரல் சிரித்தது.

அந்தக் குரலில் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சுருளிக்குக் கோபம் தலைக்கேறியது. "ஓடமாட்டேன்! மடுவா, அடி!" என்றான். கோபத்தில் அடிக்கச் சொன்னானே தவிர, எதிரே நிற்பது கொடி என்பதை மறந்துவிட்டான். கொடி நிழல் மடுவனைச் சுற்றிக்கொண்டது. மடுவன் ஒருமுறை சுருளியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கறுப்புத் தண்ணீருக்குள் போனான். ஓடு காலியானது. அதன் எடை குறைந்ததைச் சுருளி தன் கையில் உணர்ந்தான்.

அவன் அழுதான். செங்காலி வந்து அவன் முதுகோடு ஒட்டி நின்றாள்.

அழுது முடித்தபோதுதான் அவன் முதல்முறையாக அந்தக் கண்களைச் சரியாகப் பார்த்தான். இதுவரை அவன் பூதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்கள் எந்தப் பூதத்தையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

'நான் ஆசைப்பட்டபோது ஆசையைப் பார்த்தது. பயந்தபோது பயத்தைப் பார்த்தது. நான் அடுத்து என்ன செய்வேன் என்று எனக்கு முன்னால் அதற்குத் தெரிகிறது. சரி, இப்போது அது என்னைப் பற்றி என்ன நினைக்கும்?'

மறுபடியும் கங்குவை இறக்கினான். எதிரே கொடி நிழல். சண்டை தொடங்கியபோது நின்ற அதே நிலை.

'முதலில் அடித்து ஏமாந்தேன். அழுதும்விட்டேன். இனி இவன் துணிந்து அடிக்கமாட்டான், பதுங்குவான் என்று நினைக்கும். அதனால் கொடியை எடுக்காது.'

'அடி' என்று கிசுகிசுத்தான்.

கங்கு பாய்ந்தான். கொடி அங்கேயே நின்றிருந்தது! பற்றி எரிந்தது. சாம்பல் தண்ணீரில் விழுந்து மறைந்தது.

அக்கரையில் அந்தக் கண்கள் முதல்முறையாக இமைத்தன.

பனிமூட்டம் கொஞ்சம் விலகியது. கல்லின்மேல் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. அதன் கால்விரல்களைச் சுற்றிப் பாசி படர்ந்திருந்தது. எழுந்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும்.

அது நீர் நிழலை இறக்கியது.

கங்குவுக்கு எதிரே நீர். சுருளியின் வாய் தானாகவே 'திரும்பு' என்று சொல்லப் போனது. கங்குவை எடுத்துவிட்டுத் தும்பையை இறக்க வேண்டும். எப்போதும் அதைத்தான் செய்வான்.

நிறுத்தினான்.

'எப்போதும் அதைத்தான் செய்வேன். அது அதற்கும் தெரியும். தும்பை வந்து இறங்கும்போது எரிப்பதற்கு நெருப்பு காத்திருக்கும். தும்பை போனால் எல்லாம் போச்சு.'

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. கங்குவை எடுக்கக் கூடாது. வருகிற நெருப்பைக் கங்கு கட்டிப்பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போக வேண்டும். பிறகு தும்பை நீரைக் குடித்துவிடுவாள். கணக்கு தவறினால், நீரே அங்கே நின்றுவிட்டால், கங்கு வீணாகச் சாவான். தவறாவிட்டாலும் கங்கு திரும்பி வரமாட்டான்.

சுருளி ஓட்டின்மேல் முகத்தை வைத்தான். ஓடு கதகதப்பாக இருந்தது.

உள்ளே கிசுகிசுத்தான். "கங்கு, யார் வந்தாலும் கட்டிப்பிடி. விடாதே."

கங்கு திரும்பிப் பார்க்கவில்லை. அது சுருளிக்குப் பெரிய உதவியாக இருந்தது.

நீர் நிழல் மறைந்தது. நெருப்பு நிழல் வந்து இறங்கியது. இறங்கிய அந்தக் கணமே கங்கு அதை இறுகக் கட்டிக்கொண்டான். இரண்டு நெருப்பும் ஒன்றாகச் சுழன்று தண்ணீரில் விழுந்தன. கல்குட்டை முழுவதும் அடியிலிருந்து சிவந்தது. பிறகு மெல்ல மெல்லக் கறுத்தது.

தும்பை இறங்கினாள். எதிரே நீர் நிழல் தனியாக நின்றது. அதற்கு மாற்று இல்லை. தும்பை குடித்து முடித்தாள்.

சண்டை முடிந்தது.

பனிக்குள்ளிருந்து சத்தங்கள் கிளம்பின. முயல், மான், மயில், நரி. ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு காட்டைப் பார்த்துப் பறந்தன. செங்காலி இருமினாள். இருமலுக்குச் சத்தம் இருந்தது!

"சுருளி!" என்றாள். "வா, வீட்டுக்குப் போகலாம்."

அப்போது தண்ணீருக்கு அடியிலிருந்து தணல் வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சுருளிக்குத் தெரிந்த சத்தம்.

"சுருளி... குளிருகிறது..."

"கங்கு!"

"அந்தக் கல்லில் வந்து உட்கார். நிழல் பூதங்கள் உனக்கும் வரும். அடுத்து வருகிறவரை ஜெயித்துவிடு. என்னை விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு சண்டை..."

தேவாங்கு கல்லை விட்டு இறங்கி நின்றிருந்தது. கல் காலியாக இருந்தது. சுருளி குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடினான். கல்லின்மேல் கையை வைத்தான். அது கதகதப்பாக இருந்தது. குளிர்காலத்தில் கங்கு பக்கத்தில் படுத்திருப்பது போலவே இருந்தது.

"சுருளி, வேண்டாம்!" என்று செங்காலி கத்தினாள்.

"ஒரே ஒரு சண்டைதான்! எனக்கு இப்போது எப்படி ஆடுவது என்று தெரியும்! என்னை யாராலும் ஜெயிக்க முடியாது!"

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றது தேவாங்கு. அதன் சொந்தக் குரல் காய்ந்த இலை உரசுவதுபோல் இருந்தது. "என் பெயர் ஆவுடை. எனக்கும் ஒரு பூதம் இருந்தது. அதை மீட்கத்தான் உட்கார்ந்தேன்."

சுருளி அந்தக் கண்களைப் பார்த்தான். "ஆவுடை அக்கா... நீங்கள்தான் எல்லாச் சண்டையிலும் ஜெயித்தீர்களே. அது வந்ததா?"

"கூப்பிட்டது. ஒவ்வொரு முறை ஜெயித்த பிறகும் கூப்பிட்டது."

"வந்ததா, அக்கா?"

ஆவுடை தன் கால்விரலில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

சுருளி கல்லிலிருந்து கையை எடுத்தான். எடுக்க நேரம் பிடித்தது. ஒவ்வொரு விரலாகத்தான் எடுக்க முடிந்தது.

"சுருளி! என்னை விட்டுப் போகாதே!" என்று தண்ணீர் அழுதது.

அவன் செங்காலியோடு நடந்தான். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. ஆவுடையும் பின்னால் வந்தது. தரையில் நடந்து பழக்கம் விட்டுப்போனதால் தடுமாறித் தடுமாறி வந்தது.

எதிரே கட்டையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் குரல் திரும்பியிருந்தது.

"தம்பி, கல் காலியாக இருக்கிறதா? என் பூதங்கள் கூப்பிடுகின்றன!"

"அண்ணே, போகாதீர்கள்! அது பொய்!"

"உனக்கு அதிர்ஷ்டம் அடித்தது, ஜெயித்தாய். எனக்கு ஒரு தடவை அடிக்காதா?" அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

செங்காலி அவன் வாலைக் கவ்விப் பிடித்தாள். கொஞ்சம் மயிர்தான் அலகில் வந்தது. பனிமூட்டம் மறுபடியும் மூடிக்கொண்டது. அதற்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. முதலில் நரியின் கண்கள்போல் இருந்தன. பிறகு வட்டமாகிக்கொண்டே போயின.

மூவரும் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வடக்குப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். ஆவுடை ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்டது. தூங்கத் தொடங்கி, பல நாள் தூங்கியது.

சுருளி வெகுகாலம் சண்டை ஆடவில்லை. குளிர்காலம் வந்தபோது மிகவும் கஷ்டப்பட்டான். காற்று வடக்கேயிருந்து வீசும்போது சில சமயம் தணல் வெடிக்கும் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் செங்காலி ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். அவள் வேண்டுமென்றே பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்லிக்கொண்டே இருப்பான்.

வேனிலில் ஒரு நாள், சின்னஞ்சிறு அணில் ஒன்று அவனைச் சண்டைக்கு அழைத்தது. சுருளியிடம் இருந்தது தும்பை மட்டும்தான். உட்கார்ந்தான். நன்றாகவே ஆடினான். தோற்றுப்போனான்.

"நான் ஜெயித்துவிட்டேனா? நிஜமாகவா?" என்று அணில் கீச்சிட்டது.

"நிஜமாகத்தான். கடைசியில் நான் அடிப்பேன் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நீங்கள் அடிக்கச் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சுருக்குகிறீர்கள்!"

சுருளி சிரித்துவிட்டான். "இன்னொரு சண்டை?" என்று அணில் ஆவலாகக் கேட்டது. அவன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, அணிலோடும் செங்காலியோடும் நாவல்பழம் பொறுக்கப் போனான்.

எதிரியின் மனத்தைப் படிப்பது கடினம், பிரியமானதை விட்டுக்கொடுப்பது அதைவிடக் கடினம், ஆனால் இழந்ததை மீட்க இன்னும் ஒரே ஒரு முறை என்று மனம் கெஞ்சும்போது ஆட்டத்தை விட்டு எழுந்து வருவதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம்.